யார் கேட்க, யார் படிக்க? ஆங்கில இலக்கியத்தின் காலங்கள்: ஓர் எளிய அறிமுகம்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாக எடுத்த மாணவர் கைக்கு முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் வந்துவிடும். பழைய ஆங்கிலக் காலம் 450 முதல் 1066 வரை, இடைக்காலம் 1066 முதல் 1500 வரை, பிறகு மறுமலர்ச்சி, மீட்சி, பதினெட்டாம் நூற்றாண்டு, ரொமான்டிக், விக்டோரியா, நவீனத்துவம். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மனப்பாடம் செய்து, எழுதி முடித்ததும் மறந்துவிடுவார்கள். பட்டியலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஒரு காலம் ஏன் முடிந்தது, அடுத்தது ஏன் வேறு மாதிரி இருந்தது என்று அது சொல்வதில்லை.

எனக்கு இந்த வரலாறு பிடிபட்டது ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான். இதை யாருக்காகச் சொன்னார்கள்? விருந்துக் கூடத்தில் யாழிசையோடு கேட்டவர்களுக்கா, பிரெஞ்சு பேசிய அரண்மனைக்கா, ஒரு பென்னி கொடுத்து நின்றபடி நாடகம் பார்த்த கூட்டத்துக்கா, மாதா மாதம் தொடர்கதைக்குக் காத்திருந்த குடும்பத்துக்கா? கேட்பவர் மாறியபோதெல்லாம் எழுத்தின் வடிவமும் மாறியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளையும் ஒரு சுற்று சுற்றி வரலாம்.

மோனை கட்டிய காலம்

பிரிட்டன் தீவின் பெரும்பகுதியை முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ரோமானியர்கள் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலகிப் போனார்கள். அதன்பின் இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிக் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற இனக்குழுக்கள் வந்து குடியேறின. ஆங்கிள்களின் பெயரிலிருந்து வந்ததே இங்கிலாந்து. அவர்கள் பேசிய மொழிதான் பழைய ஆங்கிலம். இன்றைய ஆங்கிலேயர் ஒருவரிடம் அதைக் கொடுத்தால் ஒரு வரியைத் தாண்ட மாட்டார். குறளைப் பள்ளியிலேயே படித்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தங்கள் கவிதையை அவர்கள் அந்நிய மொழியைப் போல இலக்கணத்திலிருந்து தொடங்கிக் கற்க வேண்டும்.

ஆனால் அந்தக் கவிதையின் யாப்பு தமிழ் வாசகருக்கு அந்நியமில்லை. அது மோனையில் நிற்கிறது. ஒவ்வொரு வரியும் இரண்டு பாதி, வரிக்கு நான்கு அழுத்தங்கள். மூன்றாவது அழுத்தம் எந்த ஒலியில் தொடங்குகிறதோ, அதே ஒலி முன்பாதியின் இரண்டு அழுத்தங்களில் ஒன்றிலாவது வர வேண்டும். முதலும் மூன்றும் ஒத்துவந்தால் அது நம் பொழிப்பு மோனைதான். நம்மிடம் அ, ஆ, ஐ, ஔ ஒன்றுக்கொன்று மோனையாகும். அவர்களிடம் எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனையாகும். வரிக் கடைசியில் ஒத்து ஒலிக்கும் இயைபு அந்த யாப்புக்குத் தேவையே இல்லை. 'ரைம்' இல்லாமல் ஆங்கிலக் கவிதையா என்று கேட்பவர்களுக்கு, அந்த மொழியின் மிகப் பழைய கவிதைகள் எல்லாமே அப்படித்தான் என்று சொல்லலாம்.

காரணம் எளிது. அவை காதால் கேட்பதற்கானவை. பேயோவுல்ஃப் என்ற 3,182 வரிக் காவியத்தின் முதல் சொல்லே ஒரு கூப்பிடுதல். 'ஹ்வாட்' என்று தொடங்கும். 'கேளுங்கள்' என்ற பொருளில் கூட்டத்தை அமைதிப்படுத்தும் சொல் என்றே பலரும் அதைக் கொள்கிறார்கள். கதை நடப்பது இங்கிலாந்தில் இல்லை. டேனிய, ஸ்வீடியக் கரைகளில். கிரெண்டல் என்னும் அரக்கனையும் பின்பு அவன் தாயையும் கொல்லும் வீரன், முதுமையில் ஒரு டிராகனோடு பொருது மடிகிறான். கடலுக்கு 'திமிங்கில வழி', உடலுக்கு 'எலும்பு வீடு', அரசனுக்கு 'வளையம் வழங்குபவன்' என்று ஒரு பொருளைச் சுற்றிச் சொல்லும் தொடர்கள் வரிக்கு வரி வரும். அன்மொழித்தொகை படித்த எவருக்கும் அந்தச் சுவை உடனே பிடிபடும்.

இந்தக் காவியத்துக்கு இருப்பது ஒரே ஒரு கையெழுத்துச் சுவடி, ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. 1731 அக்டோபரில் லண்டனில் அது வைக்கப்பட்டிருந்த வீடு தீப்பிடித்தது. சுவடியின் ஓரங்கள் கருகின, நடுப்பகுதி தப்பியது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்தத் தாள்களின் படத்தைப் பார்க்கும்போது, கறையானிடமிருந்து உ.வே.சா. மீட்ட ஏடுகள் என் நினைவுக்கு வராமல் போவதில்லை.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். பீட் என்ற துறவி 731இல் லத்தீனில் எழுதி முடித்த வரலாற்றில் கேட்மன் என்ற மாட்டுத் தொழுவக்காரர் வருகிறார். விருந்தில் யாழ் கைமாறித் தன்னிடம் வரும் நேரம் பார்த்து, பாடத் தெரியாத கூச்சத்தில் எழுந்து போய்விடுவாராம். ஓர் இரவு தொழுவத்தில் தூங்கியபோது கனவில் ஒருவர் வந்து 'பாடு' என்றார். படைப்பைப் பற்றி ஒன்பது வரி பாடினார். பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அவர்தான். இடம் வடகிழக்குக் கரையிலுள்ள விட்பி மடம். அதன் தலைவி ஹில்டா என்ற பெண் துறவி. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃப்ரெட் அரசர் லத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்தார், தானும் பெயர்த்தார். உரைநடைக்கு அங்கே வேர் பிடித்தது.

அரண்மனை பிரெஞ்சு, அடுக்களை ஆங்கிலம்

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் வென்றார். பட்டியலில் இது ஓர் ஆண்டெண். அன்றைய மொழிக்கு அது ஒரு கவிழ்ப்பு. அரண்மனையும் பிரபுக்களும் நீதிமன்றமும் பிரெஞ்சுக்கு மாறின. தேவாலயமும் கல்வியும் லத்தீனில் இருந்தன. ஆங்கிலம் வயலிலும் அடுக்களையிலும் தங்கியது. மேய்த்தவர்கள் 'கௌ', 'ஷீப்' என்றார்கள். அதே விலங்கு மேசைக்கு வந்தபோது உண்டவர்கள் 'பீஃப்', 'மட்டன்' என்றார்கள். நாம் ஓட்டலில் சொல்லும் மட்டன் பிரெஞ்சு பேசிய பிரபுவின் சொல்.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டு இப்படி. அந்தக் காலத்தில் ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை உதிர்த்தது, ஆயிரக்கணக்கில் பிரெஞ்சுச் சொற்களை விழுங்கியது. 1362இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1399இல் அரியணையைக் கோரி நாடாளுமன்றத்தில் நின்ற நான்காம் ஹென்றி ஆங்கிலத்திலேயே பேசினார். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஜெஃப்ரி சாசர் எழுதினார்.

சாசர் லண்டன் மது வணிகரின் மகன். துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்குப் பார்த்தவர். அரச வேலையாக இத்தாலி போய் வந்தவர். பிரெஞ்சில் எழுதியிருந்தால் மதிப்பு கூடியிருக்கும், லத்தீனில் எழுதியிருந்தால் ஐரோப்பா முழுவதும் படித்திருக்கும். ஆங்கிலத்தைத் தேர்ந்தார். கேன்டர்பரிக் கதைகளில் ஏறக்குறைய முப்பது யாத்திரிகர்கள் லண்டனுக்குத் தெற்கே ஒரு சத்திரத்தில் கூடி, வழி அலுப்புத் தீர ஆளுக்கு ஆள் கதை சொல்கிறார்கள். வீரர், மாவு அரைப்பவர், கன்னித் துறவி, சமையல்காரர், ஐந்து கணவர்களை மணந்த பாத் நகரத்து நெசவுக்காரி எல்லோரும் ஒரே வழியில் குதிரையில் போகிறார்கள். ஒவ்வொருவர் கதையும் அவரவர் வாய்க்கு ஏற்ப இருக்கும். துறைமுகத்தில் உட்கார்ந்து எல்லாத் தரப்பு மனிதரின் பேச்சையும் கேட்டவரால்தான் அப்படி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றும். திட்டமிட்டதில் கால்பங்குகூட முடியவில்லை. 24 கதைகளே உள்ளன.

யாப்பிலும் ஒரு திருப்பம். பிரெஞ்சு, இத்தாலிய வழியில் சாசர் வரி இறுதியில் இயைபு வைத்தார். அதே காலத்தில் வடமேற்கில் பெயர் தெரியாத ஒருவர், பச்சை வீரனின் சவாலை ஏற்ற கவெய்ன் கதையைப் பழைய மோனையிலேயே பாடிக்கொண்டிருந்தார். லண்டன் மொழி வென்றது. மோனை கவிதையின் முதுகெலும்பாக இருந்த நிலை போய் அணியானது.

முட்டை கேட்ட வணிகர்

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அவர் சொல்லும் நிகழ்ச்சியை மொழி வரலாறு படிக்கும் யாரும் மறப்பதில்லை. தேம்ஸ் ஆற்றில் காற்று இல்லாமல் கப்பல் நின்றுவிட, சில வணிகர்கள் கென்ட் பகுதியில் கரையேறினார்கள். ஒருவர் ஒரு வீட்டில் சாப்பிட முட்டை கேட்டார். அவர் சொன்ன சொல் 'எக்ஸ்'. வீட்டுக்கார அம்மா, தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். அவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முட்டைக்கு வடக்கில் ஒரு சொல், தெற்கில் ஒரு சொல். இனி எதை அச்சில் போடுவது என்று கேட்கிறார் காக்ஸ்டன்.

கையால் எழுதியவரை அந்தக் கேள்வி வருத்தியிருக்காது. அவர் எழுதியது பக்கத்து ஊர்க்காரருக்குப் புரிந்தால் போதும். நூற்றுக்கணக்கில் அச்சிட்டு நாடெங்கும் விற்க வேண்டியவர்தான் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழியைத் தேட வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளின் ஆங்கில எழுத்துக்கூட்டல் துயரமும் இங்கேதான் தொடங்குகிறது. 'நைட்' என்னும் வீரனின் பெயரில் முதலில் உள்ள 'க்' ஒலி சாசர் காலத்தில் வாயில் இருந்தது. 1400 முதல் 1700 வரை ஆங்கில உயிரொலிகள் பெரிய அளவில் இடம் மாறின. ஒலி நகர்ந்துகொண்டிருந்தபோதே அச்சு எழுத்துகளை நிறுத்தி வைத்துவிட்டது.

அச்சு வந்தபின் சமயமும் வீட்டு மொழிக்கு வந்தது. வில்லியம் டின்டேல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து நேரே ஆங்கிலத்தில் பெயர்த்து 1526இல் வெளிநாட்டில் அச்சிட்டு இங்கிலாந்துக்குள் கடத்தினார். 1536இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். ஆனால் 1611இல் ஜேம்ஸ் அரசரின் ஆணையில் வந்த பைபிள் மொழிபெயர்ப்பில் டின்டேலின் வாக்கியங்கள் ஏராளமாக உயிரோடு இருக்கின்றன. பிற்கால ஆங்கில உரைநடையின் நடையோசைக்கு அந்த நூல் அளவுக்கு ஊட்டம் தந்தது வேறில்லை என்பது என் கருத்து.

ஒரு பென்னிக்கு நாடகம்

மறுமலர்ச்சிக் காலத்தை ஷேக்ஸ்பியர் என்ற ஒரே பெயரில் சுருக்கிவிடுகிறோம். அவருக்கு முன்னால் ஒரு கட்டடம் இருக்கிறது. 1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் லண்டன் நகர எல்லைக்கு வெளியே ஷோர்டிச்சில் நாடகத்துக்கென்றே ஓர் அரங்கம் கட்டினார். எல்லைக்கு வெளியே கட்டியதற்குக் காரணம், கூட்டமும் கலகமும் நோயும் வரும் என்று நகர ஆட்சியாளர்கள் நாடகங்களை வெறுத்ததுதான். 1599இல் அந்த அரங்கத்தின் மரங்களைக் கொண்டே ஆற்றின் தென்கரையில் குளோப் எழுந்தது.

ஒரு பென்னி கொடுத்தால் மேடையைச் சுற்றி வெயிலிலும் மழையிலும் நின்று பார்க்கலாம். கூடக் கொடுத்தால் கூரைக்கு அடியில் இருக்கை. பழகுநர் பையனும் பிரபுவும் ஒரே நாடகத்தைப் பார்த்தார்கள். காட்சி நடப்பது பகல் வெளிச்சத்தில், திரைச்சீலை ஓவியம் இல்லாத மேடையில். நள்ளிரவு என்றால் நடிகர் வாயால்தான் நள்ளிரவு வர வேண்டும். மக்பெத்தில் இருட்டு அத்தனை வரிகளில் பேசப்படுவது ஏன் என்று இப்போது புரியும்: பார்ப்பவர் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெண் வேடங்களைச் சிறுவர்கள் ஏற்றார்கள்.

இந்தக் கலவையான கூட்டத்துக்குப் பேச ஒரு யாப்பும் கிடைத்தது. வரிக்குப் பத்து அசை, மெல்ல ஒன்று அழுத்தி ஒன்று, இறுதியில் இயைபு இல்லை. சர்ரே பிரபு ஒரு லத்தீன் காவிய மொழிபெயர்ப்பில் தொடங்கியதை, கிறிஸ்டஃபர் மார்லோ மேடையில் இடி முழக்கமாக ஆக்கினார். ஷேக்ஸ்பியர் அதைப் பேச்சுக்கு மிக அருகே கொண்டுவந்தார். வரியை நடுவில் உடைத்தார், தயங்க விட்டார், ஒருவர் தொடங்கிய வரியை இன்னொருவர் முடிக்கச் செய்தார். ஹாம்லெட் தனக்குத்தானே பேசும்போது ஒரு மனம் யோசிக்கும் வேகமே யாப்பாக இருக்கிறது. (அந்த நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்தன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.)

ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்தார். ஏழு ஆண்டு கழித்து, அவரோடு நடித்த இரண்டு நண்பர்கள் 36 நாடகங்களைத் திரட்டிப் பெரிய நூலாக வெளியிட்டார்கள். அவற்றில் 18 அதற்கு முன் அச்சேறியதே இல்லை. மக்பெத், ஜூலியஸ் சீசர், பன்னிரண்டாம் இரவு, புயல் எல்லாம் அந்த நூலால் பிழைத்தவை.

1642இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் நாடாளுமன்றம் அரங்கங்களை மூடியது. 1649இல் அரசர் தலை வெட்டப்பட்டது. குடியரசுக்காகப் பேனா பிடித்த ஜான் மில்டன் கண்ணொளி இழந்தார். 1660இல் முடியாட்சி மீண்டதும் சிறிது காலம் சிறையிலும் இருந்தார். தோற்ற கட்சியின் பார்வையற்ற கவிஞர் தன் 'இழந்த சொர்க்க'த்தைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1667இல் அது வந்தபோது முதல் தவணையாக அவருக்குக் கிடைத்தது 5 பவுண்டு. 'தகுதியுள்ள சிலர் கேட்டால் போதும்' என்ற பொருளில் அவரே காவியத்துக்குள் எழுதியிருக்கிறார்.

மீட்சிக் காலத்தை நான் வேகமாகத் தாண்டுகிறேன். அரங்கங்கள் திறந்தன, பெண்கள் மேடையேறினார்கள், ஆஃப்ரா பென் எழுதிப் பிழைத்த முதல் ஆங்கிலப் பெண்களில் ஒருவரானார். ஜான் டிரைடன் என்ற கவிஞரும் அவருக்குப் பின் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞரும் இரண்டு வரி இயைபை வைரம்போலத் தீட்டினார்கள். அழகுதான், முதன்முறை படிப்பவர் இங்கே தொடங்க வேண்டியதில்லை.

நாவல் பிறந்த கதை

1695இல் அச்சுக்கு முன்னனுமதி வாங்கும் சட்டம் காலாவதியானது. பத்திரிகைகள் முளைத்தன. காபிக் கடைகளில் ஒரு பிரதியைப் பலர் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். வணிகர், எழுத்தர், கடைக்காரர், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று கிரேக்கமும் லத்தீனும் படிக்காத புதிய வாசகர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கிரேக்கக் காவிய வீரன் அக்கிலீசைவிட, தங்களைப் போன்ற ஒருவர் என்ன செய்தார் என்பது முக்கியம்.

அறுபதை நெருங்கிய டேனியல் டீஃபோ 1719இல் ராபின்சன் குருசோவை வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் தன் பெயரைப் போடவில்லை. குருசோ தானே எழுதியது என்று போட்டார். தீவில் தனியே கிடப்பவன் ஆணி, துப்பாக்கி மருந்து, பார்லி மணி என்று கணக்குப் போடுகிறான். வரவு செலவுபோல நன்மை தீமைகளை இரண்டு பத்தியாக எழுதுகிறான். கடைக்கணக்கு எழுதத் தெரிந்த வாசகர் அதை நம்பினார். அச்சுத் தொழில் செய்த சாமுவேல் ரிச்சர்ட்சனிடம், கடிதம் எழுதப் பழக்கும் மாதிரி நூல் ஒன்று தயாரித்துத் தரச் சொன்னார்கள். அந்த வேலையிலிருந்து 1740இல் பமீலா பிறந்தது: முதலாளியின் தொல்லையை எதிர்த்து நிற்கும் ஒரு வேலைக்காரப் பெண் தன் பெற்றோருக்கு எழுதும் கடிதங்கள். காவியத்தில் ஒரு வரிகூடக் கிடைக்காத ஒருத்தி நூல் முழுவதையும் பேசுகிறாள். நாவல் என்ற வடிவம் ஏன் உலகெங்கும் பரவியது என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே எனக்குப் போதும். தமிழில் வேதநாயகம் பிள்ளையின் நாவல் அச்சேறியது 1879இல்.

1798இல் இன்னொரு திருப்பம், கவிதையில். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் பெயர் போடாமல் ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டார்கள். வேர்ட்ஸ்வொர்த் பிரெஞ்சுப் புரட்சியை நேரில் பார்த்து மனம் பறிகொடுத்தவர், பின்பு அதன் வன்முறையால் உடைந்தவர். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், மக்கள் உண்மையில் பேசும் மொழியே கவிதைக்குப் போதும் என்று வாதிட்டார். ஆட்டை இழந்த இடையர், பிச்சைக்காரர், பைத்தியம் என்று ஊர் ஒதுக்கிய தாய் எல்லோரும் பாடுபொருளானார்கள். ரொமான்டிக் என்ற பெயரைப் பார்த்துக் காதல் கவிதைகள் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் நடுவில் இருப்பது தனிமனிதரின் உணர்வும் கற்பனையும், கூடவே விடுதலை வேட்கையும். வில்லியம் பிளேக் என்ற கவிஞர் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்காக எழுதினார். கீட்ஸ் 25 வயதில் ரோம் நகரில் காச நோயால் இறந்தார். அடுத்த ஆண்டு ஷெல்லி கடலில் மூழ்கினார். அந்த ஷெல்லி மேல் கொண்ட பற்றால்தான் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்.

ஜேன் ஆஸ்டின் இதே ஆண்டுகளில்தான் எழுதினார், ஆனால் எந்தக் காலப்பெட்டியிலும் அடங்க மாட்டார். 1811இல் வந்த முதல் நாவலில் ஆசிரியர் பெயருக்குப் பதில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருந்தது. நான்கு குடும்பங்கள், ஒரு கிராமம், வரதட்சிணைக் கணக்கு. அதற்குள் மனித மனம் முழுவதையும் காட்டிவிட்டார்.

மாதம் ஒரு ஷில்லிங்

விக்டோரியா அரசி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அப்போது மூன்று தொகுதியாக வந்த ஒரு நாவலின் விலை ஒன்றரை கினி, அதாவது 31 ஷில்லிங் 6 பென்ஸ். தொழிலாளி ஒருவரின் ஒரு வாரக் கூலிக்கும் மேல். ஆகவே வாங்கியவர் குறைவு. மியூடி என்பவர் ஆண்டுக்கு ஒரு கினி சந்தாவில் வாடகை நூலகம் நடத்தினார். ஒரு நாவலை மூன்றாகப் பிரித்தால் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாம். விக்டோரியா நாவல்கள் ஏன் இவ்வளவு நீளம் என்று அலுத்துக்கொள்ளும் மாணவர்கள் இந்த வணிகத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் உரக்கப் படிக்கத் தகாதது என்று மியூடி கருதிய நூல் அவர் அலமாரிக்கு வராது; எழுத்தாளர்களும் அதை மனத்தில் வைத்தே எழுதினார்கள்.

இதற்கு வெளியே ஒரு வழி திறந்தவர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். 1836இல் அவருடைய பிக்விக் கதை மாதம் ஒரு ஷில்லிங் விலையில் சிறு பகுதிகளாக வரத் தொடங்கியது. முதலில் சில நூறு பேர் வாங்கினார்கள். முடியும்போது மாதம் 40,000 பிரதிகள் போயின. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து காசு போட்டு, ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு டிக்கன்ஸின் உத்திகள் புதிதாக இருக்காது: அத்தியாய முடிவில் ஒரு தவிப்பு, ஒரு மாதம் கழித்தும் மறக்காதபடி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பேச்சுப் பழக்கம். தந்தை கடனுக்காகச் சிறையில் இருந்தபோது 12 வயதில் ஷூ பாலிஷ் ஆலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிய பிள்ளை அவர். குழந்தைத் துயரம் வரும் பக்கங்களில் அந்தப் பையனின் கை தெரியும்.

1861இல் முடிந்த பெரும் எதிர்பார்ப்புகள் நாவலுக்கு முதலில் எழுதிய சோக முடிவை, நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதால் டிக்கன்ஸ் மாற்றினார். இந்த லிட்டனின் ஒரு கதையைத் தழுவித்தான் சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயம் எழுதினார். இரண்டு மொழி வரலாறுகள் இப்படி ஒரே மனிதரிடம் உரசிப்போவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும்.

பிராண்ட்டி சகோதரிகள் மூவரும் ஆண்பெயர்போல ஒலிக்கும் புனைபெயர்களில் எழுதினார்கள். ஜார்ஜ் எலியட் என்பவரும் பெண்தான். இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். முழு வளர்ச்சி பெற்ற நாவல் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருடைய மிடில்மார்ச்சைத்தான் காட்டுவேன். தாமஸ் ஹார்டி தன் கடைசி நாவல் 1895இல் வாங்கிய வசைக்குப் பின் கவிதைக்குத் திரும்பிவிட்டார்.

நமக்கு நேரே தொடர்புள்ள செய்தி ஒன்றும் இந்த நூற்றாண்டில் உண்டு. ஆக்ஸ்ஃபர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பானது 1894இல்தான். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடமாகிவிட்டார்கள். ஆட்சியாளரின் மொழிக்கு ஆட்களைப் பழக்க வந்த பாடம் அது. கேட்பவர் வட்டத்தில் அப்போதே நாமும் இருந்தோம், விரும்பிச் சேர்ந்தவர்களாக மட்டும் இல்லை.

உடைந்த நூற்றாண்டு

வில்ஃப்ரெட் ஓவன் என்ற கவிஞர் முதல் உலகப் போரின் பதுங்கு குழி அனுபவத்திலிருந்து எழுதினார். போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4இல் கொல்லப்பட்டார். சமாதான மணிகள் ஒலித்த நாளில் தாயாருக்குத் தந்தி வந்தது. அதற்குப் பிறகு, முதல் அத்தியாயத்தில் தொடங்கி கடைசி அத்தியாயத்தில் எல்லாம் சரியாகும் கதையை நேர்மையாக எழுத முடியாது என்று ஒரு தலைமுறை நினைத்தது.

1922இல் இரண்டு நூல்கள் வந்தன. ஐரிஷ்காரரான ஜேம்ஸ் ஜாய்ஸ் டப்ளினில் ஒரே ஒரு நாளை, 1904 ஜூன் 16ஐ, யூலிசிஸ் என்ற பெருநாவலாக்கினார். பாரிசில் ஒரு புத்தகக் கடை அதை வெளியிட்டது. பிரிட்டனில் பல ஆண்டுகள் தடை. அமெரிக்காவில் பிறந்த டி.எஸ். எலியட்டின் பாழ்நிலம் துண்டு துண்டான குரல்களால் ஆனது. கடைசியில் உபநிடதத்தின் 'சாந்தி'யில் முடிகிறது. வர்ஜீனியா உல்ஃப் 1917இல் கணவரோடு வீட்டிலேயே ஓர் அச்சுக்கருவி வைத்துப் பதிப்பகம் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் தன் நாவல்களையும் அதிலேயே வெளியிட்டார். எந்தப் பதிப்பாளரின் முகத்தையும் பார்க்க வேண்டாம். நவீனத்துவம் கடினம் என்பது உண்மை. ஆயிரம் பேர் படித்தால் போதும் என்று எழுதப்பட்டவை அவை. ஒருமுறை படித்துப் புரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை.

சிறு வட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1935இல் பென்குயின் ஆறு பென்ஸுக்கு நல்ல நூல்களை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு, சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் முதல் நாவல், கிரஹாம் கிரீன் பரிந்துரையில் லண்டனில் வெளியானது. 1956இல் டிரினிடாடைச் சேர்ந்த சாம் செல்வன் லண்டனுக்குப் பிழைக்க வந்த கரீபியர்களைப் பற்றி நாவல் எழுதினார். தந்தை வழியில் அவருக்கு மதராஸ் வேர் உண்டு. பொது ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார், கதை நகரவில்லை. கரீபியப் பேச்சில் எழுதியதும் ஓடியது. காக்ஸ்டன் கேட்ட முட்டைக் கேள்வி மறுபடி வந்துவிட்டது, இம்முறை வேறு விடையோடு. 1958இல் நைஜீரியாவின் சினுவா அச்சிபி, 1981இல் சல்மான் ருஷ்டி, நம் காலத்தில் இலங்கை உள்நாட்டுப் போரின் வடுவை ஆங்கிலத்தில் எழுதி 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த அனுக் அருட்பிரகாசம் வரை அந்த வரிசை நீள்கிறது. இதில் பாதிப் பேரை 'இங்கிலாந்தின் இலக்கியம்' என்று சொல்ல முடியாது. 'ஆங்கில இலக்கியம்' என்ற சொல்லே இப்போது ஊரை விட்டு மொழியோடு போய்விட்டது.

எங்கே தொடங்குவது?

பட்டியலின் வரிசையில் தொடங்க வேண்டாம். முதலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு: டிக்கன்ஸின் பெரும் எதிர்பார்ப்புகள், அல்லது ஆஸ்டினின் ஏதாவது ஒன்று. அகராதியின் துணை கொஞ்சம் போதும். அங்கிருந்து முன்னே வந்து உல்ஃபின் ஒரு நாவல், பின்னே போய் மக்பெத். மக்பெத் ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களில் மிகச் சிறியது. நாடகத்தைப் படிப்பதற்கு முன் ஒரு நல்ல மேடையேற்றத்தின் பதிவைப் பாருங்கள். சாசரை இன்றைய ஆங்கில உரையோடு வைத்து, மூலத்தை உரக்கப் படியுங்கள்.

பேயோவுல்ஃபுக்கு 1999இல் வந்த ஷேமஸ் ஹீனியின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. வட அயர்லாந்தின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்த முதல் சொல்லை, 'ஹ்வாட்' என்பதை, எப்படிப் பெயர்ப்பது என்று தவித்தபோது, தன் தந்தையின் உறவுக்காரர்கள் கனத்த குரலில் பேச்சைத் தொடங்கும் விதம் அவருக்கு நினைவுக்கு வந்தது. அவர்கள் 'சோ' என்றுதான் தொடங்குவார்கள். அதையே போட்டார். நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் கதை தொடங்கும் முன் 'ஆக...' என்று இழுப்பதைப் போல.